கம்ப்யூட்டருக்கு மொழி கற்றுக்கொடுத்தவர்



கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் போ என்று அம்மா சொன்னால் உங்களுக்கு உடனே புரிந்துவிடும். சிதம்பரத்துக்குக் கடலூரிலிருந்து ரயிலில் போ என்று சொற்களை இடம் மாற்றிச் சொன்னாலும் குழப்பம் வராது. ஏன் தெரியுமா? 'இலிருந்து' எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறதோ அது புறப்படும் ஊர். 'கு' என்ற உருபு ஒட்டியிருப்பது போய்ச் சேரும் ஊர். 'போ' என்பது செய்ய வேண்டிய வேலை. தமிழ் வகுப்பில் படித்த வேற்றுமை உருபுகளை உங்கள் மூளை ஒரு நொடியில் பிரித்துப் பார்த்துவிடுகிறது.

கம்ப்யூட்டருக்கு அந்த வசதி கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் 0, 1 என்ற இரண்டு எண்கள்தான். ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால், அதைச் சொல் சொல்லாகப் பிரித்துக் கொடுக்க ஒரு புரோகிராம் வேண்டும். அதற்கு 'பார்சர்' என்று பெயர். பிரித்ததைப் பார்த்து அவ்வப்போதே வேலையைச் செய்ய வைப்பது 'இன்டர்பிரெட்டர்'. எல்லாவற்றையும் முதலிலேயே எண்களாக மாற்றி வைத்துவிடுவது 'கம்பைலர்'.

சிதம்பரம் நடராஜர் கோயிலுக்கு வெளிநாட்டுப் பயணிகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கூடவே வரும் வழிகாட்டி, ஒவ்வொரு வாக்கியமாக அவர்கள் மொழியில் மாற்றிச் சொல்லிக்கொண்டே நடப்பார். அவர் இன்டர்பிரெட்டர் மாதிரி. கோயில் வரலாறு முழுவதையும் வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்த்துப் புத்தகமாகத் தருகிறவர் கம்பைலர் மாதிரி.

இப்படி ஒரு வசதி இல்லாத காலமும் இருந்தது. கம்ப்யூட்டர் மனிதனின் சொற்களைப் புரிந்துகொள்ளும் என்று சொன்னால் பெரிய பெரிய அதிகாரிகளே சிரித்த காலம் அது. அந்தச் சிரிப்பைப் பொருட்படுத்தாமல் வேலை செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் கிரேஸ் ஹாப்பர்.

ஏழு கடிகாரங்கள்

கிரேஸ் 1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். வீட்டில் அவர்தான் மூத்தவர். ஒரு தங்கை, ஒரு தம்பி.

அவருக்கு ஏழு வயது இருக்கும்போது ஒரு விஷயம் மண்டையைக் குடைந்தது. அலாரம் கடிகாரம் எப்படி அடிக்கிறது? பார்த்துவிடலாம் என்று ஒரு கடிகாரத்தைக் கழற்றினார். திருகுகள், பற்சக்கரங்கள், சுருள்வில் எல்லாம் சிதறின. திரும்ப மாட்டத் தெரியவில்லை. சரி, அடுத்த கடிகாரத்தைப் பார்த்து மாட்டலாம் என்று அதையும் கழற்றினார். இப்படியே வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாகிவிட்டன!

அம்மா என்ன செய்தார் தெரியுமா? கழற்றவே கூடாது என்று தடை போடவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டார். அந்த ஒரு கடிகாரம் கிரேஸுக்குப் பள்ளிக்கூடம் ஆனது. கழற்றுவது சுலபம், மீண்டும் மாட்டி அதை மணி அடிக்க வைப்பதுதான் கடினம் என்பதை அவர் அப்போதே தெரிந்துகொண்டார். இந்தக் கடிகாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இது நமக்குத் தேவைப்படும்.

கிரேஸின் அப்பாவுக்கு உடல்நலக் குறைவால் இரண்டு கால்களையும் எடுக்க வேண்டி வந்தது. ஆனாலும் அவர் செயற்கைக் கால்களோடு வேலைக்குப் போய் வந்தார். மகனைப் போலவே மகள்களும் நன்றாகப் படித்துத் தங்கள் காலில் நிற்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

கிரேஸ் படிப்பில் கெட்டிக்காரர்தான். ஆனாலும் வாசர் கல்லூரியில் சேர 16 வயதில் முயன்றபோது லத்தீன் பாடத்தில் தோற்றுப்போனார். அவர் மனம் தளரவில்லை. இன்னும் ஒரு வருடம் படித்து, அடுத்த முறை சேர்ந்துவிட்டார். 1928-ல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். நம் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டதற்கு முந்தின ஆண்டு அது. பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் 1934-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் ஒரு பெண் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெறுவது அபூர்வம். 1930-ல் திருமணம் செய்துகொண்டபோதுதான் ஹாப்பர் என்ற பெயர் அவருடன் சேர்ந்தது.

51 அடி நீளக் கம்ப்யூட்டர்

வாசர் கல்லூரியிலேயே கணித ஆசிரியை ஆனார் கிரேஸ். 1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. கடற்படையில் சேர வேண்டும் என்று கிரேஸுக்கு ஆசை. அவருடைய கொள்ளுத் தாத்தா கடற்படையில் பெரிய அதிகாரியாக இருந்தவர். ஆனால் வயது அதிகம் என்றார்கள். உயரத்துக்குத் தகுந்த எடையும் இல்லை. சுமார் 7 கிலோ குறைவு! கிரேஸ் விடவில்லை. விலக்குக் கேட்டு அனுமதி வாங்கி, 1943 டிசம்பரில் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடமும் பெற்றார்.

1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஹோவர்டு எய்க்கன் என்பவரின் மேற்பார்வையில் 'மார்க் 1' என்ற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. 51 அடி நீளம், 8 அடி உயரம், சுமார் 7 லட்சத்து 65 ஆயிரம் பாகங்கள்! வேகம்? ஒரு நொடிக்கு மூன்று கூட்டல். ஒரு வகுத்தலுக்கு 15 நொடிக்கு மேல் ஆகும். இன்று உங்கள் வீட்டில் இருக்கும் செல்போன் இதைவிடப் பல கோடி மடங்கு வேகம்.

அந்த இயந்திரத்துக்கு உத்தரவு கொடுக்க, காகித நாடாவில் துளை போட வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் ஒரு பொருள். ஒரு துளை இடம் மாறினாலும் கணக்கு தப்பு. கிரேஸும் அவருடன் வேலை பார்த்தவர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சரியாக வேலை செய்த உத்தரவுத் துண்டுகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். இன்னொருவருக்குத் தேவைப்பட்டால் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. நோட்டில் இருந்த துண்டு 0-வது வரியில் தொடங்கும். உங்களுக்கோ அது 40-வது வரியில் தேவை. அப்படியானால் அந்தத் துண்டில் வரும் ஒவ்வொரு வரி எண்ணோடும் 40-ஐக் கூட்டி எழுத வேண்டும். கணித மேதைகளாக இருந்தாலும் மனிதர்கள் கூட்டுவதில் தப்பு செய்வார்கள். பார்த்து எழுதுவதிலும் தப்பு செய்வார்கள். ஆனால் கூட்டுவதும் பார்த்து எழுதுவதும்தானே கம்ப்யூட்டர் நன்றாகச் செய்யும் வேலை? அதை ஏன் நாம் செய்துகொண்டிருக்கிறோம்? இந்தக் கேள்வி கிரேஸின் மனதில் விழுந்தது.

1947-ல் நடந்த ஒரு வேடிக்கை. 'மார்க் 2' என்ற அடுத்த இயந்திரம் திடீரென்று தகராறு செய்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளே ஒரு விட்டில் பூச்சி மாட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது! அதைப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். தவறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் பொறியாளர்களிடம் அதற்கு முன்பே உண்டு. பூச்சியைக் கண்டுபிடித்தவரும் கிரேஸ் அல்ல. ஆனால் இந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லிப் புகழ்பெறச் செய்தவர் அவர்தான். அந்தப் பதிவேடு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

கார்டு கையில் ஒரு சீட்டு

1949-ல் கிரேஸ் பிலடெல்பியாவில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே இருந்த 'பைனாக்' கம்ப்யூட்டருக்காக 8-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் கணக்குப் போட வேண்டும். அதில் 8, 9 என்ற எண்களே கிடையாது. 7-க்கு அடுத்தது 10! இதிலேயே மூழ்கிப்போன கிரேஸுக்குத் தன் வங்கிக் கணக்கு மட்டும் எப்போதும் உதைத்தது. வங்கியில் வேலை பார்த்த தம்பி வந்து நோட்டை அலசியபோதுதான் விஷயம் புரிந்தது. அக்கா சில இடங்களில் 8-ன் கணக்கில் கழித்திருந்தார்!

மனிதன் கம்ப்யூட்டர் மாதிரி மாறுவது சரியல்ல, கம்ப்யூட்டர்தான் மனிதனிடம் நெருங்கி வர வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். 'யுனிவாக்' என்ற புதிய கம்ப்யூட்டருக்காக 1951, 1952 ஆண்டுகளில் 'ஏ-0' என்ற கம்பைலரை உருவாக்கினார். நோட்டில் இருந்த துண்டுகளை எல்லாம் காந்த நாடாவில் பதிந்து, நூலகப் புத்தகங்களுக்குப் போடுவது போல ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். எண்களை வரிசையாக எழுதினால் போதும். கம்ப்யூட்டரே அந்தத் துண்டுகளைத் தேடி எடுத்து, வரி எண்களைக் கூட்டி, ஒன்றாகச் சேர்த்துவிடும். கம்பைல் என்றால் தொகுப்பது என்றுதான் பொருள்.

வழியில் ஒரு முட்டுக்கட்டை. ஏ-0 தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே ஒரு முறைதான் படிக்கும். நடுவில், இனிமேல் வரப்போகும் ஒரு துண்டுக்குத் தாவு என்று உத்தரவு வந்தால் என்ன செய்வது? அந்தத் துண்டு எங்கே உட்காரப் போகிறது என்று இன்னும் தெரியாதே!

இப்படி யோசித்துப் பாருங்கள். கடலூரில் கிளம்பிய ரயில் ஆலப்பாக்கத்தில் நிற்கிறது. கிள்ளையில் ஏறப்போகும் உங்கள் நண்பன் எந்தப் பெட்டியில் உட்காருவான் என்று இப்போதே சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். கார்டு கையில் ஒரு வெற்றுச் சீட்டைக் கொடுத்துவிடலாம். நண்பன் ஏறியதும் பெட்டி எண்ணை அதில் எழுதிவிடுவான். அவனைத் தேடுகிறவர்கள் நேராகக் கார்டிடம் போய்ச் சீட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பெட்டிக்குப் போகலாம்.

கிரேஸ் செய்ததும் இதுதான். நினைவகத்தின் ஒரு மூலையை இந்தச் சீட்டுகளுக்காகவே ஒதுக்கினார். இந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? கல்லூரியில் அவர் விளையாடிய கூடைப்பந்திலிருந்து! பந்தை நேராகக் கொண்டுபோக முடியாதபோது, தோழியிடம் தட்டிவிட்டு, முன்னே ஓடித் திரும்ப வாங்கிக்கொள்வார்களே, அதே உத்தி.

1952-ல் இதைப் பற்றி ஒரு மாநாட்டில் கட்டுரை படித்தார். பலர் நம்பவில்லை. கம்ப்யூட்டர் கணக்குதான் போடும், புரோகிராம் எழுதாது என்றார்கள். எழுதிக் காட்டிய பிறகும் சிலர் பயன்படுத்தத் தயங்கினார்கள்.

மீண்டும் அந்தக் கடிகாரம்

உண்மையில் ஏ-0 அப்படி ஒன்றும் அழகான பொருள் அல்ல. அவசரத்தில் கட்டிய கொட்டகை மாதிரிதான் இருந்தது. கிரேஸும் அவருடைய குழுவினரும் அதைத் திருத்தி ஏ-1 ஆக்கினார்கள். 1953-ல் ஏ-2 வந்தது. இதில் ஓர் உத்தரவு 12 எழுத்து நீளம். எந்த வேலை என்பதற்கு மூன்று எழுத்து, எங்கே எடுத்து எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு ஒன்பது எழுத்து. முன்பைவிட எவ்வளவு ஒழுங்கு பார்த்தீர்களா? வாடிக்கையாளர்களுக்கும் ஏ-2 கொடுக்கப்பட்டது. குறை கண்டவர்கள் திருத்தங்களை எழுதி அனுப்பினார்கள். அவையும் சேர்ந்தன.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைப் பிரித்து, உள்ளே இருப்பதை மட்டும் சீராக அடுக்கி மாட்டுவதற்கு இன்று 'ரீஃபேக்டரிங்' என்று பெயர். இதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. உள்ளே எதை மாற்றினாலும், முன்பு செய்த வேலையை அது அப்படியே செய்ய வேண்டும். கடிகாரத்தைக் கழற்றித் துடைத்து மாட்டியபின், ஆறு மணி அலாரம் ஆறு மணிக்கே அடிக்க வேண்டும் அல்லவா?

சிதம்பரத்தில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போமா? வடக்கு வீதியும் கீழ வீதியும் சந்திக்கும் மூலையில் நில்லுங்கள். உங்கள் நண்பன்தான் இன்டர்பிரெட்டர். அவனிடம் ஒரு விதித் தாள் இருக்கிறது. கீழ வீதியில் நட என்றால் தெற்கு முனை வரை போய் வலப்பக்கம் திரும்ப வேண்டும். தெற்கு வீதியில் நட என்றால் மேற்கு முனை வரை போய் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இப்படி நான்கு வீதிக்கு நான்கு விதிகள். இப்போது நன்றாகப் பாருங்கள். நான்கும் ஒரே விதிதான்! எந்த வீதி என்றாலும் முனை வரை நடந்து வலப்பக்கம் திரும்பு என்று ஒரே வரியாக எழுதிவிடலாம். எழுதிய பிறகு பழைய நான்கு உத்தரவுகளையே திரும்பக் கொடுத்துப் பாருங்கள். நண்பன் தேர் போல நான்கு வீதியும் சுற்றிப் புறப்பட்ட மூலைக்கே வந்தால் உங்கள் திருத்தம் சரி. வேறு எங்கேயாவது போய் நின்றால், உள்ளே ஒரு பூச்சி இருக்கிறது!

சிரித்தவர்களுக்குப் பதில்

அடுத்து, எண்களும் குறியீடுகளும் கூட வேண்டாம், சாதாரணச் சொற்களிலேயே உத்தரவு எழுதலாம் என்றார் கிரேஸ். சம்பளக் கணக்கு எழுதுகிறவர்களுக்குக் கணிதக் குறியீடு எதற்கு என்பது அவர் கேள்வி.

1955-ல் நிர்வாகிகளுக்கு ஒரு சிறிய மாதிரியைக் காட்டினார். முதலில் ஆங்கிலச் சொற்களில் ஒரு புரோகிராம். பிறகு அதே புரோகிராம் பிரெஞ்சுச் சொற்களில், ஜெர்மன் சொற்களில்! நிர்வாகிகள் அரண்டுபோனார்கள். அமெரிக்காவில் செய்த கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்று நினைத்தார்கள். கம்ப்யூட்டருக்கு ஆங்கிலமும்தான் புரியாது! எந்த மொழி எழுத்தும் அதற்கு வெறும் எண்தான். இந்தச் சொல் வந்தால் இந்த வேலை என்று பட்டியல் கொடுத்தால் எந்த மொழியும் ஒன்றுதான். அதை அவர்களுக்குப் புரியவைக்க, இனி ஆங்கிலத்தில் மட்டுமே செய்வோம் என்று கிரேஸ் உறுதி கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகே வேலை தொடர்ந்தது.

அப்படிப் பிறந்த மொழிதான் 'ஃப்ளோ-மேட்டிக்'. 1958-ல் வாடிக்கையாளர்களின் கைக்கு வந்தது. 1959-ல் அரசு, கடற்படை, கம்ப்யூட்டர் நிறுவனங்கள் எல்லாம் கூடி, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான வணிக மொழி ஒன்றை உருவாக்க முடிவு செய்தன. அதன் பெயர் 'கோபால்'. உங்கள் வகுப்பு கோபால் அல்ல! ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. ஜீன் சாமெட் என்ற பெண்மணி உட்படப் பலர் சேர்ந்து அதை வடிவமைத்தார்கள். கிரேஸ் அவர்களுக்கு ஆலோசகர். அவருடைய ஃப்ளோ-மேட்டிக்தான் பெரும்பாலும் அதற்கு அடித்தளம். 1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராம், இரண்டு வேறு நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் ஓடிக் காட்டியது. சிரித்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

ஓய்வு இல்லாத பாட்டி

1966 முடிவில், 60 வயதில், கிரேஸுக்குக் கடற்படை ஓய்வு கொடுத்தது. அந்த நாள் அவருக்கு மிகவும் வருத்தமான நாள். ஆனால் ஏழே மாதத்தில் திரும்ப அழைத்தார்கள். ஏன்? ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குக் கோபாலை மாற்றி வைத்திருந்தது. ஒரு கம்ப்யூட்டரில் ஓடிய புரோகிராம் இன்னொன்றில் ஓடவில்லை. இதைச் சரிசெய்ய வேண்டும். ஆறு மாதம் போதும் என்று அழைத்தவர்கள் பல ஆண்டுகள் விடவே இல்லை!

கிரேஸின் குழு சோதனைப் புரோகிராம்களை எழுதியது. எந்த நிறுவனம் கம்பைலர் கொண்டுவந்தாலும் முதலில் இந்தப் பரீட்சையை எழுத வேண்டும். விடை சரியாக வந்தால்தான் அது உண்மையான கோபால். நான்கு வீதியைச் சுற்றி வரச் சொல்லி நாம் பார்த்தோமே, அதே மாதிரி.

அவருடைய அறையில் ஒரு சுவர்க்கடிகாரம் பின்னோக்கி ஓடும். இதுவரை இப்படித்தான் செய்தோம், இனியும் இப்படியே செய்வோம் என்ற பேச்சு அவருக்குப் பிடிக்காது. வேறு மாதிரியும் செய்யலாம் என்று காட்டத்தான் அந்தக் கடிகாரம். கூட்டங்களில் பேசும்போது, ஏறக்குறைய ஓர் அடி நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கேட்பவர்களுக்குக் கொடுப்பார். ஒரு நொடியை 100 கோடிப் பங்காக்கினால், அதில் ஒரு பங்கு நேரத்தில் மின்சாரம் அதிகபட்சம் அவ்வளவு தூரம்தான் போக முடியும் என்று விளக்குவார்.

1986 ஆகஸ்டில், 79 வயதில், ரியர் அட்மிரல் என்ற உயர்ந்த பதவியில் ஓய்வு பெற்றார். அப்புறமும் வீட்டில் உட்காரவில்லை. ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார்! 1992 ஜனவரி 1-ம் தேதி, 85 வயதில் காலமானார். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 2016-ல் அந்நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதும் அவருக்கு வழங்கப்பட்டது.

குழந்தைகளே, அந்த நிர்வாகிகளை அரள வைத்த பிரெஞ்சு, ஜெர்மன் புரோகிராம்கள் நினைவிருக்கிறதா? அதே வழியில் தமிழிலும் புரோகிராம் எழுதலாம். முத்து அண்ணாமலை என்பவர் மாணவர்களுக்காக 'எழில்' என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார். திரையில் ஒன்றைக் காட்ட வேண்டுமானால் அதில் 'பதிப்பி' என்று தமிழிலேயே எழுதலாம். அதற்கும் உள்ளே ஒரு பார்சரும் ஓர் இன்டர்பிரெட்டரும் உட்கார்ந்து வேலை செய்கின்றன.

நீங்களும் ஒரு காகிதத்தில் உங்கள் சொந்த மொழியைத் தொடங்கலாம். நட, திரும்பு, நில் என்ற மூன்றே சொற்கள் போதும். பள்ளி மைதானத்தில் நண்பனை நடக்க வைத்துப் பாருங்கள். கடலூர் பிள்ளைகள் மட்டும் சில்வர் பீச்சில் நின்றுகொண்டு கிழக்கே 100 அடி நட என்று உத்தரவு போட்டுவிடாதீர்கள். இன்டர்பிரெட்டர் சொன்னதை அப்படியே செய்யும். நண்பன் கடலுக்குள் போய்விடுவான்! முதல் முறை சரியாக வராது. பிரியுங்கள், சீராக அடுக்குங்கள், மீண்டும் சோதியுங்கள். ஏழு கடிகாரங்களைக் கழற்றிய சிறுமியும் அப்படித்தான் கற்றுக்கொண்டாள்.